முழு ஆட்ட வீடியோவும் ஒரு கோல்கீப்பர் அக்காவும் தேவை

வணக்கம் நண்பர்களே. நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். இங்கே ஹாக்கி ஆடும் பெண் பிள்ளைகளுக்கு ஜூனியர் மகளிர் ஆட்டங்களைத் திரையில் போட்டுக் காட்ட ஆசை. 2013-இல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் இங்கிலாந்தை ஷூட்அவுட்டில் (ஆட்டம் சமனில் முடிந்தால், ஒவ்வொருத்தியாகக் கோல்கீப்பரைத் தனியே எதிர்கொண்டு கோல் போட முயல்வது) வென்று இந்தியா வெண்கலம் வாங்கிய ஆட்டம்தான் முதலில் வேண்டும். ராணி ராம்பால் தொடரின் சிறந்த வீராங்கனை ஆனது அங்கேதான். 2022-இல் தென்னாப்பிரிக்காவில் அதே இங்கிலாந்திடம் ஷூட்அவுட்டில் தோற்ற ஆட்டமும் வேண்டும். தோல்வியையும் பிள்ளைகள் பார்க்கட்டும். அப்புறம், சீனாவை வென்ற 2024 மஸ்கட் ஆசியக் கோப்பை இறுதி. துண்டு வீடியோக்கள் போதவில்லை, முழு ஆட்டம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொரு உதவி. ஷூட்அவுட்டில் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு வருகிறவளுக்கு 8 நொடிதான். கோல்கீப்பர் எப்போது முன்னே பாய வேண்டும், எப்போது தரையில் விழ வேண்டும் என்பதில் எங்கள் பிள்ளை தடுமாறுகிறாள். நல்ல வேகம் உள்ளவள், சொல்லித்தரத்தான் ஆளில்லை. கோல்கீப்பராக ஆடிய அக்காக்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வர முடியுமா? பயணச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.