அமெரிக்காவில் நம் மாவட்டம் மாதிரி மாநிலம் மாற முடியுமா?

குழித்துறைக்காரன்:
நவம்பர் 1 வந்தால் எங்கள் வீட்டில், தமிழ்நாட்டோடு சேரப் போராடிய தலைவர் நேசமணி பேச்சுதான். 1956-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆன கதையைத் தாத்தா முதலிலிருந்து சொல்வார். இந்தத் தடவை டெக்சாஸில் இருக்கும் அத்தை மகன் போனில் குறுக்கே புகுந்து, "இங்கே மாநில எல்லையில் மத்திய அரசு கை வைக்கவே முடியாது" என்றான். தாத்தாவுக்குக் கோபம். யார் சொல்வது சரி?

தோவாளை வாசகி:
சட்டப்படி உங்கள் அத்தை மகன் சொல்வது ஏறக்குறைய சரி. ஒரு மாநிலத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் அந்த மாநில சட்டமன்றமும் சம்மதிக்க வேண்டும், காங்கிரஸும் (அவர்கள் நாடாளுமன்றம்) சம்மதிக்க வேண்டும். நம் அரசியலமைப்பின் 3-வது பிரிவில் மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், முடிவு நாடாளுமன்றத்துடையது.

தக்கலை பழைய வாத்தியார்:
சட்டம் அப்படித்தான். ஆனால் மேற்கு வர்ஜீனியா கதையை அந்தப் பையனிடம் கேளுங்கள் மக்கா. வகுப்பில் இதை நடத்தும்போது கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

1861-ல், அடிமை முறையை ஒட்டி உள்நாட்டுப் போர் மூண்டபோது, மற்ற தென் மாநிலங்களோடு வர்ஜீனியாவும் அமெரிக்காவை விட்டு விலகியது. மலைப்பக்கத்து மேற்கு மாவட்டங்களில் பெரும்பாலானவை அதற்கு எதிர்ப்பு. அவர்கள் வீலிங் நகரில் கூடி, "விலகியவர்கள் பதவி இழந்தார்கள், இனி நாங்கள்தான் வர்ஜீனியா அரசு" என்று பிரான்சிஸ் பியர்பாண்ட்டை ஆளுநராக்கினார்கள். லிங்கன் அரசும் அதை ஏற்றுக்கொண்டது. 1862 மே மாதம் அந்த வீலிங் அரசின் சட்டமன்றமே வர்ஜீனியாவைப் பிரிக்கச் சம்மதம் கொடுத்தது! பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே ஆளே பேசி முடித்த கல்யாணம்தான்.

லிங்கன் தன் அமைச்சர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டார். மூன்று பேர் சரி, மூன்று பேர் தப்பு. அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பேட்ஸே எதிர்த்தார். ஆனாலும் 1862 டிசம்பர் 31-ல் லிங்கன் கையெழுத்துப் போட்டார். 1863 ஜூன் 20-ல் புது மாநிலம். படிப்படியாக அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்பது காங்கிரஸ் போட்ட நிபந்தனை.

என்னைக் கேட்டால் அது சம்மதமே இல்லை, போர்க்கால ஏற்பாடு. லிங்கன் செய்ததைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது, அது வேறு.

குழித்துறைக்காரன்:
போர் முடிந்ததும் வர்ஜீனியா சும்மாவா விட்டது, சார்?

தக்கலை பழைய வாத்தியார்:
விடுமா? பெர்க்லி, ஜெபர்சன் என்ற இரண்டு மாவட்டங்களைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டது. எந்த மாநிலத்தோடு சேர்வது என்று அங்கே வாக்கெடுப்பு நடந்தபோது ஆண்களில் பலர் தென்பகுதிப் படையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1871-ல் உச்ச நீதிமன்றம் மேற்கு வர்ஜீனியா பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அதைவிட நீண்டது கடன் தகராறு. பிரிவதற்கு முன் வர்ஜீனியா வாங்கிய கடனில் உன் பங்கு எவ்வளவு என்று இழுத்து இழுத்து, 1915-ல் நீதிமன்றம் மேற்கு வர்ஜீனியாவை வட்டியோடு சுமார் 1 கோடியே 24 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. கட்டி முடித்தது 1939-ல்.

தோவாளை வாசகி:
நம் பக்கம் அந்த வம்பு இவ்வளவு நீளாததற்கு ஒரு காரணம், மாநில மறுசீரமைப்புச் சட்டத்திலேயே சொத்தையும் கடனையும் எப்படிப் பங்கிடுவது என்று எழுதி வைத்துவிட்டார்கள். தாத்தாவிடம், கேட்டும் கிடைக்காமல் கேரளத்திலேயே நின்றுவிட்ட தேவிகுளம், பீர்மேடு பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள், சாப்பாடு ஆறிப்போகும்.