கையொப்பமா, அங்க அடையாளமா?

வணக்கம்.

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்களின் தொடக்க காலத்தைப் பற்றி எழுதும்போது, 'வைரஸ் சிக்னேச்சர்' என்பதற்குக் 'கையொப்பம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கையொப்பம் ஒருவர் தாமே மனமறிந்து இடுவது. 1980களின் பிற்பகுதியில் டாஸ் இயங்குதளக் கணினிகளுக்கு வந்த வருடிகள் (கோப்புகளில் நச்சுநிரலைத் தேடும் மென்பொருள்கள்) தேடியதோ, ஆய்வாளர் நச்சுநிரலைப் பிரித்துப் பார்த்து, நல்ல நிரல் எதிலும் வராது என்று கருதிப் பொறுக்கியெடுத்த ஒரு சிறு பைட்டுத் தொடரை.

1986இல் லாகூரில் பிறந்த பிரெயின் என்ற நச்சுநிரலையே எடுத்துக்கொள்வோம். அதை எழுதிய அல்வி சகோதரர்கள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் அனைத்தையும் நெகிழ்வட்டின் தொடக்கப் பிரிவிலேயே பொறித்திருந்தார்கள். கையொப்பம் என்றால் அதுதான் கையொப்பம்! ஆனால் அந்த எழுத்துகளை எவரேனும் மாற்றிவிட்டாலும் நிரல் ஓடும். எனவே வருடி நம்ப வேண்டியது அதன் கட்டளைகளைத்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கணினி ஆய்வாளர் பிரெட் கோஹென் 1984இல் காட்டிய மாதிரி நச்சுநிரலின் முதல் வரி 1234567 என்ற எண். தொற்றப்போகும் கோப்பில் அது ஏற்கெனவே இருந்தால் நிரல் அதை விட்டுவிட்டு வேறு கோப்பைத் தேடும். 1987இல் கண்டறியப்பட்ட ஜெருசலேம் என்ற நச்சுநிரல், காம் (.COM) வகை நிரல் கோப்புகளின் இறுதியில் இப்படி ஐந்தெழுத்துக் குறி ஒன்றை வைத்தது. எக்ஸ்இ (.EXE) வகை நிரல் கோப்புகளில் இந்தச் சோதனை பலிக்காததால் அவற்றையே மீண்டும் மீண்டும் தொற்றி, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 1,808 பைட்டு பருக்கச் செய்தது. இந்தக் குறியையும் சிக்னேச்சர் என்று சொல்வதுண்டு. தமிழிலாவது இரண்டையும் பிரிப்போம்: நச்சுநிரல் தானே இடுவது 'தொற்றுக்குறி', ஆய்வாளர் கண்டெடுப்பது 'அங்க அடையாளம்'.

பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று எழுதுவது மாணவர் அல்லர், பார்த்தவர். கேஸ்கேட் என்ற நச்சுநிரல் தன் உடலை மறையாக்கிக்கொண்டபோதும் (என்கிரிப்ட் செய்துகொண்டபோதும்) மறைநீக்கும் பகுதி மாறாததால் அதுவே அங்க அடையாளமாயிற்று. 1990இல் வந்த '1260' என்ற நச்சுநிரல் அந்தப் பகுதியையும் தொற்றுதோறும் மாற்றியது. மச்சத்தை இடம் மாற்றிக்கொள்ளும் ஆள் என்று வையுங்கள்.

'தடயம்' என்ற மாற்று யோசனையும் பொருந்தாது. ஆள் போன பின் எஞ்சுவதே தடயம், இங்கே ஆள் கோப்புக்குள்ளேயே இருக்கிறான். கூட்டுச்சொற்களில் 'அங்க' என்பதை விட்டு 'அடையாளப் பேரேடு', 'அடையாளப் புதுப்பிப்பு' எனச் சுருக்கலாம். 'கையொப்பம்' மின்னணுக் கையொப்பத்துக்கே இருக்கட்டும். இல்லையேல் 'கையொப்பம் உள்ள கோப்பு' என்றால் நம்பத்தக்கதா, தொற்றுள்ளதா என்று ஒவ்வொரு முறையும் விளக்க நேரும்.