புதுப்பிப்பு: மர அறுவை மில் ஓவர்டைம் கூலி கிடைத்துவிட்டது

மாதவரம் பக்கம் எங்கள் மர அறுவை மில்லில் ஓவர்டைமுக்கும் சாதாரணக் கூலியே தருகிறார்கள், சங்கம் என்ன செய்யலாம் என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "மனு கொடுக்கும் முன் நேரத்தை எழுதி வையுங்கள்" என்று ஓர் அண்ணன் சொன்ன யோசனை. பட்டறை ரம்பம் ஓட்டுபவர் முதல் லோடு இறக்குபவர் வரை 14 பேரும் ஒரே நோட்டில் வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பக்கத்துக்குப் பக்கம் தேக்குத் தூள் ஒட்டியிருந்த அந்த நோட்டைப் பேச்சுவார்த்தையில் வைத்ததும் முதலாளி தரப்பால் மறுக்க முடியவில்லை. சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. பாக்கி இரண்டு தவணையாக வந்தது.

எதிர்பாராதது ஒன்று: ஏப்ரலில் உயர்ந்த பஞ்சப்படியையும் (விலைவாசி உயர்வுக்காகக் கூலியோடு தரும் படி) எங்களுக்குச் சேர்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்களும் கூலிச் சீட்டைப் பாருங்கள். அதுவும் இப்போது சரியாகிவிட்டது.

தூசி உறிஞ்சும் மெஷின் மட்டும் இன்னும் வரவில்லை. மரத்தூள் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே சொல்லிவிட்டது. அடுத்த மனு அதற்குத்தான்.