ஜான்சி ராணிப் படையில் இருந்த தோட்டத்துப் பாட்டிமார்: பார்த்தவர்கள், பழகியவர்கள் சொல்லுங்கள்

தோட்டத்துப் பேரன் (பேராக்):

நானே ஆரம்பிக்கிறேன். அப்பாவோட அம்மா மலாயா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. லயத்துல (தொழிலாளர் வரிசை வீட்டுல) பிறந்து, பத்து வயசுலயே மங்கு (பால் வடியற கிண்ணம்) துடைக்கப் போனவங்க. பட்டாளத்துல இருந்தாங்கன்னு எங்க யாருக்கும் தெரியாது. ஒருநாள் பள்ளிக்கூடத்துல பழகின அணிவகுப்பை வாசல்ல நடந்து காட்டிக்கிட்டிருந்தேன். பாட்டி வெத்தலை இடிச்சிக்கிட்டே, "கையை மடக்காத, தோள்லேருந்து வீசு"ன்னாங்க. அப்புறம் உரலைத் தள்ளி வச்சிட்டு எழுந்தாங்க. "தஹினே மூட்!" சேலையோட வலப்பக்கம் திரும்பி, வெறுங்காலை ஓங்கித் தட்டினாங்க. அப்ப அவங்களுக்கு எழுபது வயசு. எனக்குச் சிரிப்பு வரல, பயம்தான் வந்துச்சு.

ஜப்பான்காரன் காலத்துல ரப்பரை வாங்க ஆளில்லை. சாப்பாடுன்னா மரவள்ளிக் கிழங்குதான். பாட்டியோட அண்ணனைச் ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க, திரும்பி வரல. 1943 ஜூலையில நேதாஜி சிங்கப்பூர் வந்து, இந்திய தேசிய ராணுவத்துல பொம்பளைங்களுக்கும் தனிப்படைன்னு அறிவிச்சார். அதுதான் ஜான்சி ராணிப் படை. அக்டோபர் 22ல முகாம் திறந்தாங்க, கேப்டன் லட்சுமி தலைமை. "நாட்டுக்காகப் போனீங்களா?"ன்னு கேட்டேன். "முகாம்ல சோறுன்னாங்க, போனேன். நாடெல்லாம் அங்க போய்க் கேட்டதுதான்"னு சொன்னாங்க. விடியக்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து பழகின உடம்புக்குப் பயிற்சி பெரிய கஷ்டமா தெரியலையாம். துப்பாக்கியோட கனத்தைக்கூடக் பால் சுமக்கிற காண்டா வாளியோடதான் ஒப்பிட்டாங்க.

முக்கியமா ஒண்ணு. அங்கதான் எழுத்துப் படிச்சாங்க. தமிழ் இல்லை, ரோமன் எழுத்துல இந்துஸ்தானி. தன் பேரை ஆங்கில எழுத்துலதான் முதல்முதலா எழுதினாங்க.

கிள்ளான் மீனா:

அண்ணே, படிக்கும்போதே உடம்பு சிலிர்த்துச்சு. எங்க பெரியம்மாவும் ரங்கூன் வரைக்கும் போனவர். அதே படையில் இருந்த கோலாலம்பூர் ஜானகி தேவர் நேதாஜியின் நிதிக்குக் கம்மலைக் கழற்றிக் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். 2000இல் பத்மஸ்ரீயும் வாங்கினார், மகிழ்ச்சிதான். பெரியம்மாகிட்ட கழற்ற ஒரு கம்மலும் கிடையாது. லயத்திலிருந்து போனவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

1945 ஏப்ரல் 24 இரவு ரங்கூனைவிட்டுக் கிளம்பிய கூட்டத்தில் அவரும் இருந்தார். பகலெல்லாம் தலைக்கு மேல் விமானம், அதனால் ராத்திரியில்தான் நகர முடியும். பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் கடித்துக் கால் முழுக்கக் கொப்புளமாம். பெரியம்மா பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தாராம். "செருப்பே போடாம வளர்ந்த காலுடி இது" என்பார். அந்தப் பூட்ஸ் வீட்டில் ரொம்ப நாள் இருந்தது. பிறகு அதில் துளசி வைத்தோம்.

வாசகன்77:

தப்பா நினைக்காதீங்க, இவங்க போர்முனையில சண்டையே போடலைன்னு படிச்சேனே?

கிள்ளான் மீனா:

சரிதான். இம்பால் போர்முனைக்கு அவர்களை அனுப்பவில்லை. 1944இல் பர்மாவின் மேமியோ வரை போனார்கள். தோற்றுத் திரும்பியவர்களின் காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள், மலேரியாக்காரர்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஊர் திரும்பும்போது ரயிலை மறித்துக் கெரில்லாக்கள் சுட்டதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்று இரண்டு பேர் இறந்தார்கள். முன்னே போகவில்லை என்பதால் குண்டு அவர்களைத் தேடி வராமல் இருக்கவில்லை தம்பி.

தோட்டத்துப் பேரன்:

மீனா அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கறேன். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் பாட்டி மறுபடியும் பழைய நிரைக்கே (மர வரிசைக்கே) பால் வெட்டப் போனாங்க. முதல் சம்பள நாள்ல கிராணி (தோட்டத்துக் கணக்கர்) புத்தகத்தை நீட்டினதும், பழக்கத்துல பேனாவை எடுத்து ஆங்கிலத்துல பேரை எழுதிட்டாங்க. கிராணி நிமிர்ந்து பார்த்து, "யாரு சொல்லிக் கொடுத்தா?"ன்னு கேட்டாராம். அப்ப அந்தப் படையில இருந்தோம்னு வெளிய சொல்லவே பயம். "பக்கத்து வீட்டுப் பொண்ணு"ன்னு சமாளிச்சிட்டாங்க.

அடுத்த மாசத்துலேருந்து கைநாட்டுத்தான். சாகிற வரைக்கும். அவங்க பழைய சேமிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், பக்கத்துக்குப் பக்கம் ஊதாக் கட்டைவிரல்.