பிரிட்டன் வரலாறு: எட்டு வயதுப் பெண்ணுக்குக் கால வரிசை புரியவைப்பது எப்படி?

ஹாரோ அம்மா:
மகள் பள்ளியில் போன வருடம் ரோமானியர்களைப் படித்தாள், இந்த வருடம் கற்காலம், அடுத்த பருவம் வடக்கே டென்மார்க், நார்வே பக்கமிருந்து கப்பலில் வந்த வைக்கிங்காம். எல்லாம் குழம்பிப்போய் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற அந்தப் பழங்காலக் கல்வட்டத்தைக் கட்டியது ரோமானியர்களா என்று கேட்கிறாள். கி.மு. 55 சின்ன எண், அதனால் அது கி.மு. 2500-க்கு முன்னால் வந்தது என்று ஒரே சாதிப்பு. சுவரில் அட்டவணை ஒட்டியும் பலனில்லை. வழி சொல்லுங்களேன்.

சாந்தி:
அட்டவணையில் எல்லாக் கட்டமும் ஒரே அளவில் இருக்கும், சிக்கலே அதுதான். பழைய புடவை ஒன்றை ஹாலில் நீளமாக விரியுங்கள், ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து வருடம். ஒரு முனை கி.மு. 3000, ஸ்டோன்ஹெஞ்சில் பள்ளம் வெட்டத் தொடங்கியது சுமாராக அப்போதுதான். பெரிய கற்களை நிறுத்தியது 50 செ.மீ. தள்ளி. அப்புறம் வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று துணி போய்க்கொண்டே இருக்கும், சீசர் வந்து எட்டிப் பார்த்த கி.மு. 55-க்கு வர கிட்டத்தட்ட மூன்று மீட்டர் ஆகிவிடும். ரோமப் பேரரசர் கிளாடியஸின் படை நாட்டைப் பிடிக்க இறங்கியது கி.பி. 43, ரோமானிய ஆட்சி முடிந்தது 410 வாக்கில். மொத்தம் 37 செ.மீ., ஒரு முழம்கூட இல்லை! கி.மு. பகுதியில் நடக்கும்போது 3000, 2900, 2800 என்று அவளையே சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள், எண் ஏன் குறைகிறது என்பது தானாகப் பிடிபடும்.

பழைய வாத்தியார்:
புடவை யோசனை அருமை, ஆனால் 410-க்கு அப்புறம் ஒரே வரிசையாகப் பின் குத்தாதீர்கள் அம்மா. பாடம் அடுத்தடுத்து வருவதால், ரோமானியர்களுக்குப் பின் ஜெர்மனி, டென்மார்க் பக்கமிருந்து வந்து குடியேறிய ஆங்கிலோ-சாக்சன்கள் போய் வைக்கிங்குகள் வந்தார்கள் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். 793-ல் லிண்டிஸ்பார்ன் மடாலயத்தை வைக்கிங்குகள் சூறையாடியதிலிருந்து, 1066-ல் நார்மன்கள் பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடிக்கும் வரை இரண்டு கூட்டமும் அதே மண்ணில் அடித்துக்கொண்டும் கலந்தும் வாழ்ந்தவர்கள்தான். 878-ல் ஆங்கிலோ-சாக்சன் அரசர் ஆல்பிரட் எடிங்டனில் டேனிய வைக்கிங்குகளைத் தோற்கடித்தார், 1016-ல் பார்த்தால் டென்மார்க்கின் கனூட்டே இங்கிலாந்துக்கு அரசர். அதனால் அந்த இடத்தில் ரெண்டு நிற ரிப்பன், ஒன்றின் மேல் ஒன்றாக.

ஹாரோ அம்மா:
சரி சார். இத்தனை வருடமும் மனப்பாடம் செய்யணுமா?

பழைய வாத்தியார்:
வேண்டவே வேண்டாம். 43, 410, 793, 1066, இந்த நாலு போதும்.

கென்ட் ரவி:
லண்டன் பக்கம்தானே இருக்கீங்க, பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிப் போங்க அக்கா, நுழைவு இலவசம். மேல் மாடியில் 51-ம் அறையில் கற்காலமும் வெண்கலமும், 50-ல் இரும்புக்காலம், 49-ல் ரோமானிய பிரிட்டன். அப்புறம் 41-ல் சட்டன் ஹூ என்ற இடத்தில் தோண்டி எடுத்த தலைக்கவசம், அது ஆங்கிலோ-சாக்சன். இந்த வரிசையிலேயே போங்க. பள்ளி விடுமுறையில் மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது.