மறு: எச்.டி. தொலைக்காட்சிக்குச் சொல் – 'உயர் வரையறை'யா, 'செறிபட'மா?

அன்பர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாம் சேர்ந்து எழுதும் சிறுநூலில் செயற்கைக்கோள் இயல் ஒருவழியாக முடிந்தது. அடுத்த இயலில் எச்.டி. (ஹை டெஃபினிஷன், படம் நுணுக்கமாகத் தெரியும் தொலைக்காட்சி) என்ற இரண்டெழுத்து வழிமறித்துக்கொண்டு நிற்கிறது. வந்த கடிதங்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> 'உயர் வரையறை' பத்திரிகைகளில் பழகிவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாமே.

பழகியது அச்சில்தான். வாய்விட்டு அதைச் சொன்ன ஆளை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. வரையறை என்றதும் ஒரு பிள்ளைக்கு 'விசை – வரையறு' என்ற இரண்டு மதிப்பெண் வினாதான் ஞாபகம் வரும். படம் நுணுக்கமாகத் தெரிவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

'உயர்' என்பதிலும் எனக்குத் திருப்தியில்லை. தொலைக்காட்சிப் படம் மேலிருந்து கீழாக அடுக்கிய கிடைவரிகளால் ஆனது. 1936-இல் இலண்டனில் பிபிசி வழக்கமான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது படத்துக்கு 405 வரிகள். அதையே அன்று எச்.டி. என்றுதான் கொண்டாடினார்கள். அதற்கு முன் இருந்தவை அத்தனை குறைந்த வரிகள். பிறகு நம் தூர்தர்ஷன் காட்டிய 625 வரி சாதாரணம் ஆயிற்று, இன்று 1080 வரி எச்.டி. ஆகியிருக்கிறது. உயரம் காலத்துக்குக் காலம் மாறும் சங்கதி. அதைப் பெயரில் கட்டிவைத்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு 'அதி', ஒரு 'மீ' ஒட்டிக்கொண்டே போகவேண்டும்.

> 'உயர் தெளிவு' எளிமையாக இருக்கிறது. யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். மாடியில் கம்பி ஆன்டெனா போய் டிஷ் வந்தபோது புள்ளிப்புள்ளியாய்ப் பொரிவதும், ஆள் பின்னால் நிழல் ஆள் தெரிவதும் நின்றன. 'என்ன தெளிவு!' என்று வீடே சொன்னது. அது எச்.டி. அல்ல, சாதாரண எண்முறை (டிஜிட்டல்) ஒளிபரப்பு. இரைச்சல் போனால் தெளிவு. எச்.டி.யின் சமாச்சாரம் வேறு.

அது என்ன என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சாதாரணப் படத்தில் குறுக்கே 720 புள்ளிகள், மேலிருந்து கீழாக 576 வரிகள் (625-இல் படமாகத் தெரிவது இவ்வளவுதான்). பெருக்கினால் 4,14,720. முழு எச்.டி.யில் 1920-ஐ 1080-ஆல் பெருக்க 20,73,600. மிச்சமில்லாமல் சரியாக ஐந்து மடங்கு. வாசலில் அதே இடத்துக்குள் ஐந்து மடங்கு புள்ளி வைத்துக் கோலம் போட்டால் வளைவு எவ்வளவு நுணுக்கமாக வருமோ, அந்த வித்தியாசம்தான் திரையிலும். புள்ளிகள் நெருங்கியிருக்கின்றன, செறிந்திருக்கின்றன. எனவே என் முன்மொழிவு: செறிபடம்.

செறிந்த படம், செறிகின்ற படம், செறியும் படம். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. நடுவில் ப் மிகாது. புழக்கத்துக்குத் தாங்குமா என்றும் ஓட்டிப் பார்த்தேன்: செறிபடத் திரை, செறிபடப் பெட்டி (செட்-டாப் பாக்ஸ்), செறிபட அலைவரிசை (சேனல்). இந்த மூன்றும் சேர்ந்து அமைந்தால்தான் வீட்டில் எச்.டி. தெரியும் என்பதைச் சொல்லவும் இது வசதி. பெரிய திரையை வாங்கி மாட்டிவிட்டு, பழைய பெட்டியையும் பழைய பேக்கேஜையும் வைத்துக்கொண்டு 'ஏன் மங்கலாக இருக்கிறது?' என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறைய. போதாததற்கு, 4:3 அளவுப் படத்தை (அகலம் 4 என்றால் உயரம் 3) 16:9 அகலத்திரைக்கு இழுத்துவிட்டிருப்பார்கள். எங்கள் வளவில் அப்பத்தா பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துவிட்டு, 'இந்தப் பிள்ளை அப்ப ஒல்லியால்ல இருந்துச்சு' என்றார்கள். ரிமோட்டில் அளவை மாற்றியதும் கதாநாயகி மெலிந்துவிட்டார்.

> செறிவு என்பது வேதியியலில் கரைசலுக்கு உரிய சொல்.

மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊரில் இந்த ஆட்சேபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் இயற்பியலின் விசைதான் விசைப்பலகையிலும் இருக்கிறது, யாரும் குழம்பவில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றை ஒருவரும் எழுப்பவில்லை, நானே எழுப்புகிறேன். சுருக்காத எச்.டி. படம் விநாடிக்குச் சுமார் 150 கோடி பிட் கேட்கும். அப்படியே விண்ணுக்கு அனுப்பக் கட்டுப்படியாகாது. பல மடங்கு சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். 'செறி' என்றதும் அந்தச் சுருக்கலை நினைத்துக்கொள்வார்களோ? அதற்குச் 'சுருக்கல்' என்ற சொல்லையே நூல் முழுக்கக் கறாராகப் பயன்படுத்தினால் போதும் என்று நினைக்கிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், தேவகோட்டை ஆச்சி கேட்டது: செயற்கைக்கோளுக்கு இலங்கைத் தமிழர் சொல்லும் 'செய்மதி'யை எடுத்துக்கொண்டால் என்ன? எனக்கு முழுச் சம்மதம், ஆச்சி. அதுவும் வினைத்தொகைதான். 'செயற்கைக்கோள்வழி உயர் வரையறைத் தொலைக்காட்சி' என்று சொல்லி முடிப்பதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிடும். 'செய்மதிச் செறிபடம்' ஒரு மூச்சில் முடிகிறது. பாடநூலில் செயற்கைக்கோள் என்றே படித்து வரும் பிள்ளைகளுக்காக முதல் இடத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடலாம்.

செய்மதி இயலில் ஒரே ஒரு பத்தி சேர்க்கவேண்டும். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செய்மதி, பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும். அதனால்தான் கீழிருந்து பார்க்க அசையாமல் நிற்கிறது, டிஷ்ஷை ஒருமுறை திருப்பி முடுக்கினால் போதுமாகிறது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் ஒளிபரப்பு வரும் ஜிசாட்-15 என்ற செய்மதி, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. காரைக்குடியிலிருந்து அது தென்கிழக்கே, தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 70 பாகை உயரத்தில். நிலநடுக்கோட்டிலிருந்து இன்னும் தள்ளியிருக்கும் தில்லியில் 52 பாகைதான். முகப்பு மேல் கஜலட்சுமி சுதைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் டிஷ், தில்லி மாடியில் இருப்பதைவிட ஏன் இவ்வளவு அண்ணாந்து பார்க்கிறது என்பதற்கு விடை இதுதான்.

ஐப்பசி மழையில் 'சிக்னல் இல்லை' என்று வருவதையும் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். வீட்டு டிஷ்ஷுக்கு வருவது 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலை. நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவு. கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். கேபிள்காரர் வைத்திருக்கும் பெரிய டிஷ் பெரும்பாலும் 4 கிகாஹெர்ட்ஸில் வாங்குவது, அந்த நீண்ட அலையை மழை அவ்வளவாகத் தொடாது. பக்கத்து வீட்டில் கேபிள் ஓடும்போது நம் வீட்டில் மட்டும் படம் உறைவதற்குக் கம்பெனிக்காரனைத் திட்டிப் பயனில்லை.

சரி, செறிபடத்துக்கு ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், அச்சுக்குப் போகவேண்டும். டிஷ் டிஷ்ஷாகவே இருக்கட்டும். அதற்கு 'அலைவாங்கி வட்டில்' என்று யாரும் புதிதாக இழை ஆரம்பிக்கவேண்டாம்.