புதுப்பிப்பு: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுடன் கொற்கை, திருச்செந்தூர், மணப்பாடு ஒரே நாளில்

பாளையங்கோட்டையிலிருந்து 42 பிள்ளைகளை இந்த மூன்று இடங்களுக்கும் ஒரே நாளில் அழைத்துப் போக முடியுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"மணப்பாட்டை முதலில் முடியுங்கள், வெயில் ஏறினால் மணல் மேட்டில் கால் வைக்க முடியாது" என்ற அண்ணாச்சியின் யோசனைதான் கைகொடுத்தது. காலை 5 மணிக்குப் புறப்பட்டு, எட்டு மணிக்குள் திருச்சிலுவை ஆலயத்துக்கு ஏறிவிட்டோம். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் தங்கியதாகச் சொல்லப்படும் கடலோரக் குகையில் பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றார்கள். அது எனக்கே ஆச்சரியம்.

திருச்செந்தூரில் கூட்டம். நாழிக்கிணற்றை மட்டும் பார்த்தோம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீரா என்று ஒருவன் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தான்.

எதிர்பாராதது கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று நான் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். இறங்கியதும், "சார், கடல் எங்கே?" என்றார்கள். சுற்றிலும் வயலும் வாழையும்தான். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டதை வன்னி மரத்தடியில் மண்ணில் கோடு போட்டு விளக்கினேன். அன்றைய பாடங்களில் அதுதான் அவர்களுக்கு நன்றாகப் பதிந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று: கொற்கையில் சாப்பாட்டுக் கடையை நம்ப வேண்டாம். நாங்கள் கட்டிக்கொண்டு போன புளியோதரைதான் காப்பாற்றியது.